கெல்லி கோட்டைச் சுவரில் தமிழில் கீறிய பெயர்: நாம் என்ன செய்யப் போகிறோம்?

கித்தாக்காடு, பத்து காஜா
ஞாயிறு, இரவு 9.40

இன்று காலை மகனையும் தங்கை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கெல்லி கோட்டைக்குப் போயிருந்தேன். வீட்டிலிருந்து பத்து நிமிடம்தான், எத்தனையோ தடவை போன இடம். மாடிப்படி திரும்பும் இடத்தில் மகன் நின்றுவிட்டான். “அப்பா, இங்கே தமிழ் எழுதியிருக்கு” என்றான். இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறான். எங்கே தமிழைப் பார்த்தாலும் வாய்விட்டுப் படித்துவிடுவான். ஓர் ஆண் பெயர், ஒரு பெண் பெயர், நடுவில் இதயப் படம். காசாலோ சாவியாலோ கீறியிருக்கிறார்கள். விரலை வைத்துப் பார்த்தேன், நகம் உள்ளே போகிற ஆழம். கீழே படியில் வெள்ளைப் பொடி உதிர்ந்தபடியே கிடந்தது. நேற்றோ முந்தாநாளோ நடந்திருக்க வேண்டும்.

பக்கத்திலேயே மற்ற மொழிகளிலும் பழைய கீறல்கள் உண்டு. அவற்றைப் பார்க்கும்போதும் கோபம் வரும். ஆனால் இன்று வந்தது வேறு மாதிரி. அந்தச் சுவரை எழுப்பியது யார்? வில்லியம் கெல்லி ஸ்மித் 1890ல் இருபது வயதில் ஸ்காட்லாந்திலிருந்து மலாயாவுக்கு வந்தார். காட்டை அழித்து ரப்பர் போட்டார், கிந்தா கெல்லாஸ் தோட்டம். 1915ல் இந்தப் பெரிய மாளிகையைத் தொடங்கினார். செங்கல் இந்தியாவிலிருந்து வந்தது, கட்டிய ஆட்களும் அங்கிருந்துதான் வந்தார்கள், நம் ஆட்கள். முதல் உலகப் போர் முடிகிற சமயம் பரவிய விஷக்காய்ச்சலில் பலர் செத்துப்போனார்கள். மிச்சம் இருந்தவர்கள் கோயில் கட்டித் தரச் சொல்லிக் கேட்டார்கள், பக்கத்தில் மாரியம்மன் கோயில் எழுந்தது. 1926ல் ஸ்மித் லிஸ்பனில் இறந்தார், கட்டடம் பாதியில் நின்றது.

அந்தக் காய்ச்சலில் போனவர்களில் ஒருவர் பெயர்கூட அந்தச் சுவரில் இல்லை. எனக்குத் தெரிந்த எந்தப் பலகையிலும் இல்லை. வெயிலில் கல் சுமந்தவர்கள் பெயர் விடாமல் போய்விட்டார்கள். அரை மணி நேரம் படம் பிடிக்க வந்தவர்கள் பெயரை வெட்டி வைத்துவிட்டுப் போகிறார்கள். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பத்து காஜா, கோப்பெங், ஈப்போ பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள், இதை எப்படி நிறுத்துவது?


செம்பனை, தெலுக் இந்தான்
ஞாயிறு, இரவு 10.05

அண்ணே, படிக்கும்போதே கொதிக்கிறது. நிறுத்துவதற்கு ஒரே வழி, பிடித்து ரோத்தான் பிரம்பால் நாலு போட வேண்டும். சிங்கப்பூரில் 1966லேயே இதற்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்துவிட்டார்கள். 1994ல் கார்களில் பெயிண்ட் அடித்த அமெரிக்க இளைஞனுக்கு ஆறு அடி என்று தீர்ப்பு. அமெரிக்க அதிபரே கேட்டும் இரண்டைத்தான் குறைத்தார்கள், நாலு விழுந்தது. காருக்கே அந்த அடி என்றால் நாட்டின் நினைவுச் சின்னத்துக்கு எத்தனை? கோலாலம்பூரில் நாட்டுக்காக உயிர் விட்ட வீரர்களுக்கு எழுப்பிய துகு நெகாராவில் யாராவது ஸ்ப்ரே அடித்தால் மன்னிப்புக் கடிதம் வாங்கிக்கொண்டு விடுவதா? அங்கே நிற்கிற ஏழு வெண்கல ஆட்களும் யாருக்காக நிற்கிறார்கள்? 1975 ஆகஸ்ட்டில் குண்டு வைத்து உடைத்தார்கள். திரும்பச் செய்து வைப்பதற்கு 1977 ஆகிவிட்டது. அப்படிக் காப்பாற்றிய ஒன்று அது.


தாவணிக்கனவு, ஈப்போ
ஞாயிறு, இரவு 10.20

தம்புன் குகை ஓவியத்தைப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா? ஈப்போவில் எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற சுண்ணாம்பு மலைதான். 1959ல் ஒரு பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி கண்ணில் பட்டது. அறுநூறுக்கும் மேல் உருவங்கள், சிவப்புக் காவிக்கல்லால் தீட்டியவை. அங்கேயும் கிறுக்கியிருக்கிறார்கள். எழுத்தே இல்லாத காலத்து மனிதன் விட்டுப்போன படத்துக்குப் பக்கத்தில் ஒருவன் போன் நம்பர் எழுத வேண்டுமா?


டீச்சரம்மா, சுங்கை சிப்புட்
ஞாயிறு, இரவு 11.15

கித்தாக்காடு தம்பியின் கோபம் எனக்கும் உண்டு. செம்பனை தம்பி, அடி என்ற பேச்சுக்கு முன்னால் ஒன்றை நினைத்துப் பாருங்கள்.

2015ல் இலங்கையில் சிகிரியா மலைக்கோட்டைக்குச் சுற்றுலா போன மட்டக்களப்புத் தமிழ்ப் பெண் ஒருத்தி அங்கே கண்ணாடிபோல் மெருகேற்றிய பழைய சுவரில் தன் பெயரைக் கீறினாள். ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிற பிள்ளை. நீதிமன்றம் இரண்டு ஆண்டுச் சிறை கொடுத்தது. அவள் வருமானத்தை நம்பி இருந்த குடும்பம் அது. நாடு முழுவதும் பேச்சானது, பிறகு ஜனாதிபதி மன்னித்து விடுதலை செய்தார். அவள் செய்தது தப்பு, சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டு ஆண்டு என்று கேட்டதும் கோபப்பட்டவர்களே மனம் கலங்கினார்கள்.

அந்தச் சுவர் எதனால் பெயர் பெற்றது தெரியுமா? ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் வந்தவர்கள் எழுதிவைத்த கவிதைகளால். எட்டாம் நூற்றாண்டிலிருந்து பத்தாம் நூற்றாண்டு வரை எழுதியவை, பரணவிதான என்ற அறிஞர் 685 கவிதைகளைப் படித்து 1956ல் புத்தகமாகக் கொண்டுவந்தார். இதை வகுப்பில் சொன்னபோது ஆறாம் ஆண்டுப் பையன் ஒருவன் கேட்டான்: “அப்போ நாங்க எழுதினா ஆயிரம் வருஷம் கழிச்சு அதுவும் பொக்கிஷமா டீச்சர்?” எனக்கு உடனே பதில் வரவில்லை. அன்று இரவு வீட்டில் யோசித்து மறுநாள்தான் சொன்னேன். அவர்கள் எழுதியபோது அங்கே அழிய எதுவும் இல்லை, சுவர் வெறுமையாக இருந்தது. இன்று நீ எழுதினால் ஏற்கெனவே எழுதிய ஒருவரின் மேல்தான் எழுதுகிறாய் என்றேன். அவனுக்குப் புரிந்தது. பிள்ளைகளுக்குச் சொன்னால் புரியும். நாம்தான் சொல்வதில்லை, பேருந்தில் ஏற்றி இறக்கி, வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்து, திரும்பக் கூட்டி வந்துவிடுகிறோம்.


கிள்ளான் பையன், கிள்ளான்
திங்கள், காலை 7.30

கோபித்துக்கொள்ள வேண்டாம், மனதில் பட்டதைச் சொல்கிறேன். அது ஒரு தோட்ட முதலாளியின் வீடு. நம் தாத்தா பாட்டியைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து, லயத்தில் அடைத்து, காய்ச்சலில் சாக விட்டுக் கட்டிய வீடு. அதில் ஒரு கீறல் விழுந்தால் நான் ஏன் அழ வேண்டும்? நம் தோட்டக் கோயில்களை இடித்தபோது யார் வந்து இப்படிப் பதிவு போட்டார்கள்? எங்கள் தாத்தா வேலை செய்த தோட்டத்தில் இப்போது வீடமைப்பு வந்துவிட்டது, சுடுகாடு எங்கே என்றே தெரியவில்லை. முதலில் அதைப் பேசுங்கள்.


கித்தாக்காடு, பத்து காஜா
திங்கள், மதியம் 1.10

தம்பி, நீ சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் மறுக்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

அந்த வீடு ஸ்மித்துக்கு ஒரு நாள்கூட முழு வீடாக இருந்ததில்லை. முடிவதற்குள் அவர் போய்விட்டார், மனைவி விற்றுவிட்டுப் போனார். இன்று அதில் மிச்சம் இருப்பது என்ன? வளைவு இருக்கிறது, கோபுரம் இருக்கிறது, செங்கல் வரிசை இருக்கிறது. எல்லாம் கை வேலை. முதலாளியின் சாமான் ஒன்றும் அங்கே இல்லை. வெறும் சுவர்தான் நிற்கிறது, அது நம் ஆள் வைத்த சுவர். பூசாமல் விட்ட இடத்தில் போய் நின்று பார். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் சாந்து பிதுங்கி, கரண்டியால் வழித்த தடம் அப்படியே இருக்கும். ஒருவர் இடமிருந்து வலமாக வழித்திருக்கிறார், அடுத்த வரிசையில் இன்னொருவர் மாற்றி வழித்திருக்கிறார். நூறு வருடத்துக்கு மேல் ஆன கை அது. அந்தச் சுவரில் கீறல் விழுந்தால் வலிப்பது ஸ்மித்துக்கு இல்லை.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் போட்ட சயாம் மரண ரயில் பாதைக்குப் போன தோட்டத்து ஆட்களை நினைத்துப் பார். 1942லும் 43லும் பல்லாயிரக்கணக்கில் கூட்டிப்போனார்கள். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுக்காரர்களுக்கு வரிசை வரிசையாகக் கல்லறை இருக்கிறது, பெரும்பாலானவற்றில் பெயர் இருக்கிறது. நம் ஆட்களுக்கு? காட்டில் குழி தோண்டிப் போட்டதுதான். பெயர் தெரியாமல் போனவர்கள் விட்ட பொருள் கண் முன்னால் நிற்கிறது என்றால் அதைக் காப்பாற்ற வேண்டாமா?

சுடுகாடு பற்றி நீ கேட்டது சரியான கேள்வி. அதற்கும் சேர்த்துத்தான் குரல் கொடுக்க வேண்டும்.


மெர்போக் காற்று, சுங்கை பட்டாணி
திங்கள், மாலை 6.45

எங்கள் பக்கத்துக் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கெடாவில் பூஜாங் பள்ளத்தாக்கில் 1936, 37ல் குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆய்வாளர் மனைவியோடு வந்து பழைய கோயில் அடித்தளங்களைத் தேடி எண் போட்டு வைத்தார். அதில் பதினொன்றாம் எண் சண்டி, அதாவது பழைய கோயில், சுங்கை பத்துவில் இருந்தது. 2013 டிசம்பரில்தான் வெளியே தெரிந்தது, வீட்டு மேம்பாட்டுக்காக நிலத்தைச் சமன் செய்தபோது அதை இடித்துத் தள்ளிவிட்டார்கள். நாடே கொதித்தது. மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று பார்க்காமல் பத்திரிகையில் எழுதினார்கள். கடைசியில் வந்த விளக்கம் என்ன? அது தனியார் நிலம், பாரம்பரியச் சின்னமாக அரசிதழில் பதியவில்லை.

அன்றைக்கு நான் அங்கே போனேன். புல்டோசர் பல் பதிந்த சிவப்பு மண், நடுவில் செங்கல் துண்டுகள். குனிந்து ஒன்றைத் தொட்டேன், எடுக்க மனம் வரவில்லை, அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

அதனால் சொல்கிறேன். சாவியால் கீறுகிறவன் மேல் வருகிற கோபத்தில் பாதியாவது பதியாமல் விடுகிறவர்கள் மேல் வர வேண்டும். 1976ன் தொல்பொருள் சட்டத்துக்குப் பதிலாக 2005ல் தேசியப் பாரம்பரியச் சட்டம் வந்தது, 645ஆம் சட்டம். அதன் பலம் முழுக்கக் கிடைக்க வேண்டுமென்றால் முதலில் பதிவு வேண்டும். உங்கள் ஊரில் பழைய பள்ளிக்கூடமோ கோயிலோ பாலமோ இருந்தால், அது பதிவில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.


செம்பனை, தெலுக் இந்தான்
திங்கள், இரவு 8.00

டீச்சர், சிகிரியா கதை நேற்று இரவு முழுக்க மண்டையில் ஓடியது. ரோத்தான் என்று எழுதியது கோபத்தில்தான், அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆனால் தண்டனையே வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். இத்தாலியில் 2023ல் கொலோசியம் சுவரில் ஒருவர் காதலி பெயரையும் சேர்த்து வெட்டினார், அதை வீடியோவாகவே பார்த்தோம். இத்தனை பழைய கட்டடம் என்று தெரியாது என்று மன்னிப்புக் கடிதம் எழுதினார். கொலோசியம் பழையது என்று தெரியாதாம்! அடுத்த வருடமே இத்தாலி சட்டத்தை இறுக்கியது, சின்னத்தைச் சேதப்படுத்தினால் 60,000 யூரோ வரை அபராதம், சுத்தம் செய்கிற செலவு அவர் தலையில். எனக்கு அது நியாயமாகப் படுகிறது. காசு கட்டட்டும், கூடவே அந்த இடத்தைக் கூட்டிப் பெருக்கட்டும்.


சுண்ணாம்புவாளி, கோப்பெங்
திங்கள், இரவு 10.30

நான் கட்டட வேலைக்காரன். பழைய கடைவீடு, கோயில் பூச்சு வேலை முப்பது வருடமாகச் செய்கிறேன். இங்கே யாரும் ஆர்வத்தில் பிரஷ்ஷைத் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

ஸ்ப்ரே பெயிண்ட்டைப் பார்த்ததும் எல்லாரும் தேடுவது தின்னர். அதை ஊற்றித் துணியால் தேய்த்தால் பெயிண்ட் கரையும், சரி. கரைந்தது எங்கே போகும்? செங்கல்லின் துளைக்குள்ளேதான் இறங்கும். மேலே சுத்தமாகத் தெரியும், ரெண்டு நாள் கழித்து நிழல் மாதிரி திரும்ப வரும். கம்பிப் பிரஷ் அதைவிட மோசம். சூளையில் வெந்த செங்கல்லுக்கு மேலே கெட்டியான ஒரு தோல் உண்டு, உள்ளே மாவு மாதிரி இருக்கும். தோல் போய்விட்டால் மழைத் தண்ணீரைக் குடிக்க ஆரம்பித்துவிடும், பாசி ஏறும், பத்து வருடத்தில் கையால் கிள்ளி எடுக்கலாம். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சும் மெஷினும் அதே கதைதான்.

சரியான முறை என்ன? கரைக்கிற மருந்தைக் களிமண்ணோ காகிதக் கூழோ எதிலாவது குழைத்துச் சுவரில் கனமாக அப்ப வேண்டும். பிளாஸ்டிக் போட்டு மூடி விட்டுவிட வேண்டும். பெயிண்ட் சுவரிலிருந்து கூழுக்குள் ஏறி வரும். பிறகு மெதுவாக வழித்து, மென்மையான பிரஷ்ஷால் கழுவ வேண்டும். ஒரே தடவையில் போகாது, மூன்று தடவையும் ஆகும். எதைச் செய்வதற்கு முன்னும் ஒரு மூலையில் கை அகலத்துக்குச் செய்து பார்க்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. வெண்கலச் சிலை என்றால் அது வேறு ஆட்கள் வேலை, மேலே இருக்கிற மெழுகுப் பூச்சையும் திரும்பப் போட வேண்டும்.

இன்னொன்று. சிலர் கிறுக்கலை மறைக்கச் சிமெண்ட் பூசிவிடுவார்கள். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும், சிமெண்ட் அதை அடைத்துவிடும். ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே தங்கி, ஒரு நாள் பூச்சு முழுவதும் பொத்தென்று விழும்.

அண்ணன் பார்த்தது கீறல். அதை அழிக்க முடியாது, போன சாந்து போனதுதான். பழைய சுண்ணாம்பின் நிறத்துக்குக் கலந்து அடைக்கலாம், அவ்வளவுதான். அதுவும் பொறுப்பில் இருப்பவர்கள் அனுமதி இல்லாமல் தொடக் கூடாது.


பெயர்வேண்டாம், சிரம்பான்
செவ்வாய், நள்ளிரவு 12.50

தூக்கம் வராமல் இதை முழுக்கப் படித்தேன். நானும் எழுதியிருக்கிறேன்.

ஐந்தாம் படிவம் முடித்த வருடம், தோட்டத்துப் பையன்கள் எட்டுப் பேர் பஸ் பிடித்து மலாக்கா போனோம். அதற்கு முன்னால் நான் சிரம்பானைத் தாண்டியதில்லை. பழைய கோட்டைச் சுவரில் ஒருவன் ஆணியால் எழுதினான், வாங்கி நானும் எழுதினேன். அப்போது என்ன நினைத்தேன் என்று இன்றும் நினைவிருக்கிறது. நான் இங்கே வந்தேன் என்று யாருக்காவது தெரிய வேண்டும். எங்கள் வீட்டில் பெயர் எழுதிய பொருள் என்று ஒன்றும் கிடையாது, பள்ளிப் புத்தகத்தைத் தவிர. வீடு தோட்டத்துடையது, கதவில் இருந்தது தோட்டத்து நம்பர்.

போன வருடம் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அது எந்த இடம் என்று எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் போகாமல் அவளை வேறு வழியாகத் திருப்பிவிட்டேன். யார்மேலும் பழி போட எழுதவில்லை. தப்பு என்னுடையதுதான்.


டீச்சரம்மா, சுங்கை சிப்புட்
செவ்வாய், காலை 6.20

பெயர்வேண்டாம் தம்பி, நீங்கள் எழுதியதைப் பள்ளிக்குக் கிளம்பும் முன் இரண்டு தடவை படித்தேன். அடுத்த முறை மகளை அந்தச் சுவரிடமே கூட்டிப்போய்க் காட்டுங்கள். என் வகுப்பில் நான் பத்துப் பாடம் எடுத்தாலும் அப்பா சொல்கிற ஒரு வார்த்தைக்கு ஈடாகாது.

எங்கள் ஊரில் 1948 ஜூன் 16ல் கம்யூனிஸ்டுகள் தோட்டத் துரைகள் மூவரைச் சுட்டதில்தான் அவசரகாலம் வந்தது. தோட்டத்து மக்களை ஓரிடத்தில் சேர்த்து முள்வேலிக்குள் வைத்தார்கள். அந்த வேலிக்குள் வளர்ந்த பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். துகு நெகாராவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகும் முன்னால் அவர்களில் ஒருவரை வகுப்புக்கு அழைத்துப் பேச வைக்கலாம் என்று இருக்கிறேன். அந்தச் சிலை யார் கதை என்று தெரிந்த பிள்ளை அதில் கை வைக்காது.


வெத்தலைப்பாட்டி, பத்து காஜா
செவ்வாய், மாலை 5.15

பேரன் தட்டச்சு செய்கிறான், நான் சொல்லச் சொல்ல. எனக்கு 78 வயது. என் அம்மா அந்தத் தோட்டத்தில் பால்மரம் வெட்டினவர். அவருடைய பெரியம்மா ஒருத்தி காய்ச்சலில் போனவள் என்று அம்மா சொல்லுவார். காலையில் பெரட்டுக்கு, ஆள் கணக்கு எடுக்கும் இடத்துக்கு, போனவளை மாலையில் தூக்கி வந்தார்களாம். பெயர் அம்மாவுக்கே தெரியவில்லை. பெரியம்மா என்றுதான் சொல்லுவார், சோறு வைத்துக் கும்பிடும்போதும் அப்படித்தான்.

கோயிலுக்குப் போனால் மேலே வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாகத் துரை நிற்கிறார், பார்த்திருப்பீர்கள். சாமிகளோடு சாமியாக நம் ஆட்கள் செய்து வைத்தது. கிள்ளான் தம்பி கோபப்படுகிறான், சின்ன வயசு, படட்டும். எனக்கு அந்தத் துரை மேல் கோபம் இல்லை. பெரியம்மாவுக்கு ஒரு கல் இல்லையே என்பதுதான்.


கிள்ளான் பையன், கிள்ளான்
செவ்வாய், இரவு 9.00

பாட்டி, என்னை மன்னித்துவிடுங்கள். நான் அந்த இடத்தை நேரில் பார்த்ததே இல்லை, படத்தில் பார்த்ததை வைத்து எழுதினேன். கித்தாக்காடு அண்ணே, ஞாயிற்றுக்கிழமை வந்தால் அந்தச் சாந்து வழித்த தடத்தைக் காட்டுவீர்களா?


கித்தாக்காடு, பத்து காஜா
செவ்வாய், இரவு 10.10

வா தம்பி. தாராளமாக வா.

இப்படிச் செய்யலாம் என்று இருக்கிறேன். வருகிற ஞாயிறு காலை 9 மணிக்கு வாசலில் கூடுவோம். சுவரில் ஒன்றையும் தொடப் போவதில்லை. ஒவ்வொரு கீறலையும் படம் எடுத்து, எந்த மாடி, எந்தச் சுவர், எவ்வளவு உயரம் என்று எழுதி வைப்போம். சுண்ணாம்புவாளி அண்ணன் வந்தால் எது ஆபத்து, எதை விட்டுவைக்கலாம் என்று சொல்லுவார். அதைக் கடிதத்தோடு சேர்த்து மாளிகைப் பொறுப்பாளரிடமும் பாரம்பரியத் துறையிடமும் கொடுப்போம். கடிதத்தில் இரண்டு கோரிக்கை. ஒன்று, படி திரும்பும் இடத்தில் ஒரு கேமராவும் ஓர் ஆளும். இன்னொன்று, இதைக் கட்டிய தமிழ்த் தொழிலாளர்களுக்கும் காய்ச்சலில் போனவர்களுக்கும் வாசலில் ஒரு கல். பெயர் கிடைத்தால் பெயரோடு, கிடைக்காவிட்டால் அவர்கள் இங்கே இருந்தார்கள் என்றாவது. உள்ளே வருகிறவர் அதைப் படித்துவிட்டுத்தான் படி ஏற வேண்டும்.

மலாயில் கடிதம் எழுதத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும்.


தாவணிக்கனவு, ஈப்போ
செவ்வாய், இரவு 10.25

கடிதம் நான் எழுதுகிறேன். அலுவலகத்தில் அதுதான் என் வேலை.


சுண்ணாம்புவாளி, கோப்பெங்
செவ்வாய், இரவு 10.40

வருகிறேன். அளவு டேப்பும் டார்ச் லைட்டும் கொண்டு வாருங்கள். சுவர் ஓரமாக டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால்தான் ஆழம் தெரியும், நேராக அடித்தால் பாதிக் கீறல் கண்ணுக்கே படாது.


வெத்தலைப்பாட்டி, பத்து காஜா
புதன், காலை 8.05

நானும் வருகிறேன். பேரன் காரில் கூட்டி வருவான். மாடி ஏற முட்டி விடாது, கோயிலில் உட்கார்ந்திருக்கிறேன். எத்தனை பேர் வருகிறீர்கள் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சோறு ஆக்க வேண்டும்.